எழுபது நொடி: ஆழ்கடல் எண்ணெய்க் கிணறு ஒன்றைத் திட்டமிடுவது எப்படி

[காட்சி: டர்பன் துறைமுக வாயில். ப்ளஃப் குன்றின் மேலிருந்து தெரியும் கடல். வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்கள்.]

வணக்கம். டர்பனில், அதிலும் மெரிபேங்க், வென்ட்வர்த் பக்கம் வளர்ந்த நமக்கு எண்ணெய் என்றவுடன் நினைவுக்கு வருவது சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கூண்டுகள்தான். அந்த ஆலைகளுக்கு வந்த கச்சா எண்ணெய் எங்கோ ஒரு தொலைதூரக் கடலின் அடியிலோ பாலைவனத்தின் அடியிலோ இருந்து கப்பலேறி வந்தது. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளாக, நம் கரைக்கு எதிரே உள்ள கடலின் அடியிலேயே எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றனவா என்ற தேடல் மும்முரமாக நடந்து வருகிறது. அந்தத் தேடலில் ஒரு கிணற்றைத் துளைக்க ஆகும் காலம் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரைதான்; அதைத் திட்டமிடவோ பல ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டுகள் எதற்கு என்பதே இந்த வீடியோவின் பொருள்.

[காட்சி: தென்னாப்பிரிக்க வரைபடம். கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி ஓடும் சிவப்பு அம்பு.]

முதலில் இந்த அம்பைப் பாருங்கள். இதுதான் அகுல்யாஸ் நீரோட்டம். இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரை நம் கரையோரமாகத் தெற்கே கொண்டு செல்லும் இது, உலகின் மிக வலிமையான கடல் நீரோட்டங்களில் ஒன்று. மேற்பரப்பில் இதன் வேகம் நொடிக்கு இரண்டு மீட்டரைத் தொடுவதுண்டு. தென்மேற்கிலிருந்து வரும் புயல் அலைகள் இந்த ஓட்டத்தை எதிர்த்து மோதும்போது அவை குறுகி, செங்குத்தாகி, அசாதாரண உயரத்துக்கு எழும். 1909 ஜூலையில் டர்பனிலிருந்து 211 பேருடன் கேப் டவுனை நோக்கிப் புறப்பட்ட வாரட்டா என்ற கப்பல் இந்தக் கடலில்தான் காணாமற்போனது; இன்றுவரை அதன் சிதைவு கிடைக்கவில்லை. இந்தக் கதையை நான் சும்மா சொல்லவில்லை. கிணற்றுத் திட்டத்தின் ஏறக்குறைய எல்லா முடிவுகளிலும் இந்த நீரோட்டம் குறுக்கிடப் போகிறது.

[காட்சி: கடலடிப் பாறை அடுக்குகளின் குறுக்குவெட்டுப் படம்.]

எங்கே துளைப்பது என்ற கேள்விக்கு நில அதிர்வு ஆய்வு விடை தேடுகிறது. ஒரு கப்பல் அழுத்தக் காற்றால் ஒலி அதிர்வுகளை எழுப்பிக்கொண்டே செல்லும். பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பல கிலோமீட்டர் நீளமுள்ள கேபிள்கள் பதிவு செய்யும். அந்தப் பதிவிலிருந்து நிலவியலாளர் நான்கு செய்திகளைத் தேடுகிறார்: எண்ணெயைச் சமைத்த மூலப்பாறை, அதைத் தேக்கிவைக்கும் நுண்துளைப் பாறை, மேலே கசியவிடாத மூடுபாறை, அது சேர்ந்து தங்கக்கூடிய வடிவம். நான்கில் ஒன்று தவறினாலும் கிணறு வறண்டுபோகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பு மதிப்பைக் கொடுத்து, அவற்றைப் பெருக்கிப் பார்ப்பது வழக்கம். மூலப்பாறைக்கு 80 விழுக்காடு, தேக்கப்பாறைக்கு 70, மூடுபாறைக்கு 60, வடிவத்துக்கு 70 என்று தாராளமாகவே கொடுத்தாலும் பெருக்கினால் வருவது 24 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. அதாவது, நான்கு கிணறு தோண்டினால் மூன்று வீணாகும் என்று தெரிந்தே இறங்கும் தொழில் இது. தோண்டும் கப்பலின் நாள் வாடகை மட்டுமே சில லட்சம் டாலர் வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், திட்டமிடுபவர்கள் ஏன் ஒரு நாளைக்கூட வீணாக்க அஞ்சுகிறார்கள் என்பது புரியும்.

[காட்சி: மணலில் சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் பழைய கிணறு.]

இனிக் கிணற்றின் வடிவமைப்பு. நம் முன்னோர் மணற்பாங்கான இடத்தில் உறைகிணறு தோண்டிய முறையை நினைத்துக்கொள்ளுங்கள். தோண்டத் தோண்ட மணல் சரியும். சரியாமலிருக்க உறை இறக்குவார்கள். கடலடிக் கிணற்றிலும் அதே வேலைதான், ஆனால் இங்கே சரிவதற்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. பாறையின் நுண்துளைகளில் அடைபட்ட நீரும் வாயுவும் கிணற்றுக்குள் பாய முயலும். அதைத் தடுக்க, துளைக்குள் கனமான சேறு ஒன்றை இடைவிடாமல் சுற்றவிடுவார்கள். சேற்றின் எடை குறைந்தால் வாயு உள்ளே வரும். எடை கூடினால் பாறையே வெடித்துச் சேற்றைக் குடித்துவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குள் நின்றுதான் துளைக்க வேண்டும்.

ஆழ்கடலில் இந்த இடைவெளி மிகவும் குறுகியது. காரணம் எளியது. நிலத்தில் 3,000 மீட்டர் ஆழத்தில் உள்ள பாறையின்மேல் 3,000 மீட்டர் பாறையின் எடை அழுத்துகிறது. பாறை அதற்கேற்ப இறுகியிருக்கும். கடலில் அதே 3,000 மீட்டரில் பாதி வெறும் தண்ணீர். தண்ணீரின் அடர்த்தி பாறையின் அடர்த்தியில் பாதிகூட இல்லை. ஆகவே பாறை இளகலாக இருக்கும், சீக்கிரம் வெடிக்கும். ஆனால் அதற்குள் அடைபட்ட வாயுவின் அழுத்தமோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. சிறிது தூரம் துளைத்தவுடன் எல்லைகள் இரண்டும் நெருங்கிவிடுவதால், அங்கேயே நிறுத்தி, இரும்பு உறைக் குழாயை இறக்கி, சிமென்ட் வைத்து இறுக்கி, அதற்குள் இன்னும் சிறிய துளையைத் தொடர வேண்டும். 36 அங்குல அகலத்தில் தொடங்கும் கிணறு 20, 13 எனக் குறைந்து, அடியில் 8 அங்குலத்துக்கு வந்துவிடுகிறது. எனவேதான் பொறியாளர்கள் கிணற்றைக் கீழிருந்து மேலாக வரைகிறார்கள்: இலக்குப் பாறையை எட்டும்போது எத்தனை அங்குலம் மிச்சம் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்கு மேலே எத்தனை உறைகள், அவற்றுக்கு மேலே எத்தனை என்று எண்ணிக்கொண்டே கடல்தரைக்கு வருகிறார்கள். இந்த உறைக் குழாய்களும், கடல்தரையில் கிணற்றின் வாயில் அமையும் இரும்புப் பகுதியான கிணற்றுத் தலையும் கடையில் வாங்கும் சாமான்கள் அல்ல. பல மாதங்களுக்கு முன்பே ஆணையிட வேண்டும். கணக்கில் ஓர் உறை குறைந்துபோனால் நடுக்கடலில் அதற்கு மாற்று வழி கிடையாது.

[காட்சி: மிதக்கும் துரப்பணத் தளம். அதிலிருந்து கடல்தரைவரை இறங்கும் நீண்ட குழாய். அடியில் பல மாடி உயர இரும்பு வால்வு அடுக்கு.]

மேற்பகுதியின் முதல் இரண்டு உறைகள் இறங்கிய பிறகு, கிணற்றுத் தலையின்மேல் அந்த வால்வு அடுக்கைப் பொருத்துகிறார்கள். வாயு சீறிக்கொண்டு வந்தால் குழாயைச் சுற்றி இறுக்கி அடைக்கவும், வேறு வழியே இல்லாவிட்டால் இரும்புக் குழாயையே கத்தரித்து மூடவும் அதில் தாடைகள் உண்டு. அதிலிருந்து கடல்மட்டம்வரை வரும் அகன்ற குழாய்க்கு ரைசர் என்று பெயர். சேறு மேலே திரும்புவது அதன் வழியாகத்தான். மேலே மிதக்கும் தளத்தை இத்தனை ஆழத்தில் நங்கூரம் போட்டு நிறுத்துவது எளிதல்ல. அதனால் அடியில் உள்ள விசைச்சுழலிகள் இரவும் பகலும் நீரோட்டத்தை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்க, தளம் ஒரே புள்ளியின்மேல் நிற்கிறது.

இப்போது நம் அகுல்யாஸ் நீரோட்டத்தை இந்தப் படத்துக்குள் கொண்டு வருவோம். ஓடும் நீர் ஒரு குழாயின்மேல் செலுத்தும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அது மட்டுமல்ல, குழாயைக் கடக்கும் நீர் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்ப்பதால் ரைசர் தந்திபோல் அதிரத் தொடங்கும். நாள்கணக்கில் அதிர்ந்தால் இரும்பும் களைத்து விரிசல் விடும். இதற்காக ரைசரைச் சுற்றி மீன்வால் போன்ற உறைகளைப் பொருத்துவார்கள். ஓட்டம் குறைந்த இடத்தில் ரைசரை இறக்கிவிட்டு, மெல்ல நகர்த்திக் கிணற்றின்மேல் கொண்டுவருவதும் உண்டு.

தளத்தின் மின்சாரம் போய்விட்டால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போடுவோம். நீராழம் 1,400 மீட்டர். கிணற்றுக்கு நேர் மேலிருந்து ஆழத்தின் ஐந்து விழுக்காடு, அதாவது 70 மீட்டர், விலகினால் கிணற்றுத் தலை சேதமாகும் என்று வைத்துக்கொள்வோம். தளம் நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் அடித்துச் செல்லப்பட்டால், கையில் இருப்பது எழுபது நொடி. அதற்குள் தாடைகள் குழாயைக் கத்தரித்துக் கிணற்றை மூட வேண்டும். ரைசர் கழன்று விடுபட வேண்டும். இந்தத் தொடர்வேலைக்கே முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் ஆகிவிடும். யோசிக்க மிஞ்சுவது பத்து இருபது நொடி. அந்நேரத்தில் யாரும் யோசிக்கக் கூடாது என்பதற்காகவே, எந்தத் தொலைவில் மஞ்சள் விளக்கு, எந்தத் தொலைவில் சிவப்பு விளக்கு, சிவப்பு எரிந்தால் யாரிடமும் கேட்காமல் பொத்தானை அழுத்த வேண்டியவர் யார் என்பதெல்லாம் கரையில், மேசையில், மாதங்களுக்கு முன்பே எழுதிவைக்கப்படுகின்றன. ரைசர் கழன்றவுடன் அதிலிருந்த கனமான சேறும் போய்விடுகிறது. அதன் இடத்தில் இலேசான கடல்நீர் வந்து நிற்பதால் கிணற்றின்மேல் இருந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் இருபது மடங்குக்கும் மேல் குறையலாம். தாடைகள் அந்த வித்தியாசத்தைத் தாங்குமா என்று முன்கூட்டியே கணக்கிட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஆழ்கடல் கிணற்றுத் திட்டத்தின் உயிர்நாடி இதுதான்: எப்படித் துளைப்பது என்பதைவிட, எப்போது விட்டு விலகுவது என்பது.

[காட்சி: தென்கரை வரைபடம். மோசல் பேயிலிருந்து கடலுக்குள் ஒரு புள்ளி.]

இது ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தென்கரையிலிருந்து சுமார் 175 கிலோமீட்டர் தொலைவில், அவுட்டெனிக்வா படுகையில், டோட்டல் நிறுவனம் 2014இல் ஒரு கிணற்றைத் தோண்டத் தொடங்கியது. கடலின் கடுமையாலும் கருவிக் கோளாறுகளாலும் இலக்கை எட்டாமலே நிறுத்தியது. அதே இடத்துக்கு வேறொரு மிதவைத் தளத்துடன் திரும்பி வந்து, 2019 பிப்ரவரியில் எரிவாயு கண்டதாக அறிவித்தது. 3,633 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டப்பட்ட அந்தக் கிணற்றின் பெயர் ப்ருல்படா. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பெருந்தவளை என்று பொருள். அடுத்த ஆண்டு பக்கத்திலேயே தோண்டிய லுய்பெர்ட், அதாவது சிறுத்தை, இன்னும் நன்றாகப் பலன் தந்தது: 73 மீட்டர் தடிமனுள்ள வாயுப் பாறை, சோதனையில் நாளொன்றுக்கு 3.3 கோடி கன அடி எரிவாயு.

[காட்சி: வைல்ட் கோஸ்ட் கரை. கடலைப் பார்த்து நிற்கும் மீனவர்கள்.]

அனுமதி என்பது திட்டத்தின் இன்னொரு பெரும் பகுதி. அதை வெறும் கோப்பு வேலை என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதை கிழக்குக் கேப் மாகாணத்தின் வைல்ட் கோஸ்ட் கரையில் ஷெல் நிறுவனம் சந்தித்த வழக்கு காட்டியது. அங்கே துளையிடலே தொடங்கவில்லை. நில அதிர்வு ஆய்வுக்கே கரையோர மக்கள் நீதிமன்றம் சென்றனர். மக்காண்டா உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் ஆய்வை நிறுத்தி, 2022 செப்டம்பரில் உரிமத்தையே செல்லாது என்றது. இசிகோசா பேசும் மக்களுக்கான அறிவிப்பு ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் செய்தித்தாள்களில் மட்டும் வந்தது குறையாகக் காட்டப்பட்டது. மூதாதையர் கடலில் வாழ்கிறார்கள் என்ற அவர்களின் நம்பிக்கையும் கணக்கில் எடுக்கப்படவில்லை. டர்பனின் உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் அஸ்தி கரைக்கும் நமக்கு அந்த வாதம் புரியாமல் போகாது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டாலும், உரிமத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தின்போது முறையான கலந்தாய்வு நடத்த வாய்ப்பளித்தது.

[காட்சி: சல்டான்யா பே துறைமுகம்.]

விபத்துக்கான திட்டத்தைக் கிணற்றுத் திட்டத்தோடு சேர்த்தே எழுத வேண்டும். மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று மக்கோண்டோ கிணறு வெடித்து 11 பேர் இறந்தனர். ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் 87 நாள்கள் கக்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் இறக்கிய முதல் இரும்புக் கூண்டு பயனற்றுப்போனதற்குக் காரணம் வெடிப்பு அல்ல, குளிர்: ஆழ்கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் வாயுவும் நீரும் சேர்ந்து பனிக்கட்டிபோல் உறைந்து வழியை அடைத்துவிட்டன. அதற்குப் பிறகு, கிணற்றுத் தலையின்மேல் இறக்கி மூடும் மாபெரும் மூடிகளைத் தொழில்துறை சில துறைமுகங்களில் தயாராக வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று மேற்குக் கரையில் சல்டான்யா பேயில் இருக்கிறது. அங்கிருந்து அது கிணற்றுக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும், வழியில் அலை எவ்வளவு உயரம் இருந்தால் இறக்க முடியாது, அதுவரை கசியும் எண்ணெயை அகுல்யாஸ் எந்தக் கரைக்குக் கொண்டுபோகும் என்பவை திட்டத்தில் எண்களாக இருக்க வேண்டும். பொதுக் கூட்டங்களில் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதாம். வேலைவாய்ப்பு எத்தனை என்பது மட்டும் அல்ல.

[காட்சி: கடல்தரை. ரோபோ ஒன்றின் விளக்கொளியில் மணல்.]

ப்ருல்படா, லுய்பெர்ட் இரண்டிலும் வாயு கிடைத்தும், தென்னாப்பிரிக்கச் சந்தைக்கு அதை இலாபகரமாக எடுத்து விற்பது கடினம் என்று சொல்லி, டோட்டல் எனெர்ஜீஸ் (டோட்டலின் புதிய பெயர்) 2024 ஜூலையில் அந்தப் பகுதியிலிருந்து விலகுவதாக அறிவித்தது. வாயு கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும், தேடல் கிணற்றின் திட்டக் கோப்பில் கடைசிப் பகுதி பெரும்பாலும் ஒன்றேதான், அதுவும் முதல் அடி துளைக்கும் முன்பே எழுதப்பட்டிருக்கும்: கிணற்றுக்குள் எந்தெந்த ஆழத்தில் சிமென்ட் அடைப்புகள் வைக்க வேண்டும், ஒவ்வொன்றையும் எத்தனை அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், கிணற்றுத் தலையை அறுத்தெடுப்பதா விட்டுவிடுவதா என்று. அவை முடிந்து, ரோபோ கடல்தரையை ஒருமுறை சுற்றிவந்து படம் பிடித்த பிறகே தளம் தன் விசைச்சுழலிகளைத் தளர்த்துகிறது. நீரோட்டம் அதைத் தெற்கே தள்ளத் தொடங்குகிறது.