ஜெயிக்காமலே மிரட்டிய கட்சி

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் பொதுத்தேர்தல் என்றால் அது வியாழக்கிழமைதான். இரவு 10 மணிக்கு வாக்குச்சாவடியை மூடுவார்கள். வடகிழக்கு இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்று ஒரு நகரம். அங்கே இளைஞர்கள் வரிசையாக நின்றுகொண்டு, ஓட்டுப்பெட்டி காரில் வந்து இறங்கியதும் கைமாற்றிக் கைமாற்றி எண்ணும் கூடத்துக்குள் ஓடுவார்கள். நாட்டிலேயே முதல் முடிவு தங்களுடையதாக இருக்க வேண்டும் என்பது அந்த ஊருக்கு ஒரு கௌரவப் பிரச்சினை.

2015 மே 7 அன்று இரவு 11 மணி ஆவதற்குள்ளேயே ஹௌட்டன் அண்ட் சண்டர்லாந்து சவுத் தொகுதியின் முடிவு வந்துவிட்டது. ஜெயித்தது லேபர் கட்சி. அது அவர்களுடைய கோட்டை, ஆகவே யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆனால் இரண்டாவது இடத்தில் நாட்டை ஆண்டுகொண்டிருந்த கன்சர்வேட்டிவ் கட்சி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியே ஆக வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த யூகிப், அதாவது ஐக்கிய ராஜ்ஜிய சுதந்திரக் கட்சி, இருந்தது. பிரதமரின் கட்சிக்கு மூன்றாவது இடம்.

அன்று நாடு முழுவதும் யூகிப் வாங்கிய ஓட்டு சுமார் 38 லட்சத்து 80 ஆயிரம். பதிவான ஓட்டில் 12.6 சதவீதம். கிடைத்த தொகுதி எத்தனை தெரியுமா? 650இல் ஒன்று. அதே தேர்தலில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி ஏறக்குறைய 14 லட்சத்து 50 ஆயிரம் ஓட்டுதான் வாங்கியது, 56 தொகுதிகளைப் பிடித்தது. அவர்களுடைய ஓட்டு ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளுக்குள் குவிந்து கிடந்தது. யூகிப்பின் ஓட்டோ சாதத்தில் தெளித்த நெய்யைப் போல நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது. மணம் எல்லா இடத்திலும் இருந்தது, ஒரு கரண்டி அள்ள வழியில்லை.

இந்த முறையை நான் விளக்க வேண்டியதே இல்லை. யாருக்கு அதிக ஓட்டோ அவருக்குத் தொகுதி, மற்றவர்களின் ஓட்டு வீண். இந்தியா அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தான். டெபாசிட் போவது, ஓட்டைப் பிரிப்பது என்பதெல்லாம் நம் டீக்கடைப் பேச்சில் புழங்குகிற சொற்கள். அதனால் பிரிட்டிஷ் அரசியலைப் புரிந்துகொள்வதில் நமக்கு ஜெர்மானியரைவிட ஒரு படி வசதி உண்டு.

சரி, ஒரே ஒரு இடம் பிடித்த கட்சியைப் பற்றி இவ்வளவு நேரம் ஏன் பேச வேண்டும்? அந்த ஒரு இடம்கூட இல்லாமலேயே இந்த மாதிரிக் கட்சிகள் பெரிய கட்சிகளை வளைத்திருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் யூகிப்புக்குப் போட்டியாக இருந்த ஒரு கட்சியைப் பார்க்கலாம். 1992இல் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஐரோப்பா முழுவதற்கும் ஒரே நாணயம் என்ற பேச்சு சூடுபிடித்த காலம். ஜேம்ஸ் கோல்ட்ஸ்மித் என்ற பெரும் பணக்காரர் 1994இல் ரெஃபரண்டம், அதாவது பொது வாக்கெடுப்பு, கட்சியைத் தொடங்கினார். ஐரோப்பாவோடு உறவு எப்படி இருக்க வேண்டும் என்று மக்களிடம் கேள், இதுதான் ஒரே கோரிக்கை. 1997 தேர்தலுக்கு முன் ஐம்பது லட்சம் வீடுகளுக்கு வீடியோ கேசட் அனுப்பினார்கள். பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தும் கிடைத்தது 8 லட்சத்துச் சொச்சம் ஓட்டு, 2.6 சதவீதம். இடம் பூஜ்யம். கோல்ட்ஸ்மித் லண்டனின் பட்னி தொகுதியில் நின்று 1,518 ஓட்டு வாங்கினார். அங்கே தோற்ற கன்சர்வேட்டிவ் முன்னாள் அமைச்சர் டேவிட் மெல்லர் மேடையில் பேசும்போது, கோல்ட்ஸ்மித் கைதட்டிக்கொண்டே “வெளியே போ” என்று கூச்சலிட்ட காட்சி தொலைக்காட்சியில் பிரபலம். ஆனால் மெல்லர் தோற்றது 2,976 ஓட்டில். கோல்ட்ஸ்மித்தின் ஓட்டு முழுவதையும் அவர் கணக்கில் சேர்த்தாலும் தோல்விதான்.

அதே இரவில் வின்செஸ்டர் தொகுதியில் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் வெறும் 2 ஓட்டில் ஜெயித்தார். தோற்றவர் கன்சர்வேட்டிவ். அங்கே ரெஃபரண்டம் கட்சிக்கு 1,500க்கும் மேல் ஓட்டு விழுந்திருந்தது. பார்த்தீர்களா, ஐரோப்பிய எதிர்ப்பாளர்கள்தான் கவிழ்த்துவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றும். வழக்கு நடந்தது, நீதிமன்றம் மறுதேர்தல் நடத்தச் சொன்னது. நவம்பரில் மறுபடியும் ஓட்டுப் போட்டார்கள். அதே லிபரல் டெமாக்ரட் வேட்பாளர், இந்த முறை 21,556 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்! சின்னக் கட்சியின் ஓட்டை எடுத்து இரண்டாவதாக வந்தவர் கணக்கில் கூட்டிப் பார்க்கிற ஜோசியத்தை நான் அதிகம் நம்பாததற்கு இந்த வின்செஸ்டர்தான் காரணம்.

அப்படியானால் கோல்ட்ஸ்மித் தோற்றாரா? அவர் சாதித்த காரியம் தேர்தலுக்கு முந்தைய வருடமே நடந்து முடிந்திருந்தது. 1996இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜான் மேஜர், பொது வாக்கெடுப்பு நடத்தாமல் யூரோவில் சேர மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். சில மாதத்தில் டோனி பிளேரின் லேபர் கட்சியும் அதே வாக்கைக் கொடுத்தது. அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை, பிரிட்டன் யூரோவுக்குள் போகவும் இல்லை. கோல்ட்ஸ்மித் அதைப் பார்க்கவில்லை, தேர்தல் முடிந்த இரண்டரை மாதத்தில் காலமாகிவிட்டார். ஒரு தொகுதிகூட வாங்காத கட்சி ஒரு நாட்டின் நாணயத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது.

யூகிப்பைத் தொடங்கியவர் ஆலன் ஸ்கெட் என்ற வரலாற்றுப் பேராசிரியர், 1993இல். ஆரம்பத்தில் அது ஐம்பது பேர் கூடிப் பேசும் கட்சி மாதிரிதான் இருந்தது. அதற்கு உயிர் கொடுத்தது எது தெரியுமா? அவர்கள் ஒழிக்க நினைத்த ஐரோப்பிய அமைப்பேதான். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலை பிரிட்டன் 1999 முதல் விகிதாசார முறையில், அதாவது வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம் என்று, நடத்தியது. யூகிப்புக்கு ஏழு சதவீத ஓட்டுக்கு மூன்று இடம் கிடைத்தது. அந்த மூவரில் ஒருவர் நைஜல் ஃபராஜ். வெஸ்ட்மின்ஸ்டருக்கு, அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு, ஏழு முறை நின்று ஏழு முறையும் தோற்றவர் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தார். சம்பளம் அங்கிருந்து, அலுவலக ஊழியர்களுக்கான படியும் அங்கிருந்து. பேசுகிற பேச்சு அந்த நாடாளுமன்றமே கூடாது என்று. மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சம்பந்தமே வேண்டாம் என்பது போல!

இரண்டாவது கதாநாயகர் கன்சர்வேட்டிவ் கட்சியின் டேவிட் கேமரன். 2006இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது ஒரு வானொலிப் பேட்டியில் யூகிப்காரர்களைக் கிறுக்கர்கள், மறைமுக இனவெறியர்கள் என்கிற அர்த்தத்தில் பேசினார். ஏழு வருடத்துக்குள் பேச்சு மாறியது. 2013 ஜனவரி 23 அன்று பிரதமர் கேமரன், நான் மறுபடி ஜெயித்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்துவேன் என்று அறிவித்தார். யூகிப்பின் கதையை முடிக்கும் மருந்து இது என்று அவரைச் சேர்ந்தவர்கள் நம்பினார்கள். ஒரு மாதம் கழித்து ஈஸ்ட்லி தொகுதியில் இடைத்தேர்தல். யூகிப் இரண்டாவது இடம், கேமரனின் கட்சி மூன்றாவது. அடுத்த வருடம் ஐரோப்பியத் தேர்தலில் யூகிப் நாட்டிலேயே முதலிடம், 24 இடம். பிறகு கேமரனின் எம்.பி. டக்ளஸ் கார்ஸ்வெல் கட்சி மாறி, பதவியை ராஜினாமா செய்து, கிளாக்டன் இடைத்தேர்தலில் யூகிப் வேட்பாளராக நின்று ஜெயித்தார். பயந்து கொடுத்த வாக்கு பயமுறுத்தியவனை இன்னும் பெரிய ஆளாக்கியது.

இந்த இடத்தில் லேபர் கட்சிக்காரர்கள் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். யூகிப் பிரிப்பது வலதுசாரி ஓட்டை, லாபம் நமக்குத்தான் என்று அவர்களில் பலர் கணக்குப் போட்டார்கள். கிளாக்டன் ஓட்டுப்பதிவு நடந்த அதே நாளில் மான்செஸ்டர் பக்கத்தில் ஹேவுட் அண்ட் மிடில்டன் தொகுதியிலும் இடைத்தேர்தல் நடந்தது. லேபரின் சொந்த வீடு மாதிரியான தொகுதி. யூகிப்பிடமிருந்து தப்பியது 617 ஓட்டில். அப்போதாவது விழித்திருக்க வேண்டும். 2015 பொதுத்தேர்தலில், ஜெயித்திருந்தால் நிதியமைச்சர் ஆகியிருக்கக்கூடிய எட் பால்ஸ் மார்லி அண்ட் அவுட்வுட் தொகுதியில் 422 ஓட்டில் தோற்றார். அங்கே யூகிப் வாங்கியது 7,951. பழைய சுரங்க ஊர்கள், துறைமுக ஊர்கள், ஆலை மூடிய ஊர்கள் எல்லாம் கன்சர்வேட்டிவுக்குப் பரம்பரையாக ஓட்டுப் போடாதவை. அங்கிருந்தவர்களுக்கு யூகிப் ஒரு இடைக்காலத் திண்ணை ஆனது. அப்பா காலத்துக் கட்சியை விட்டு நேராக எதிரி வீட்டுக்குப் போகக் கூச்சம், அதனால் திண்ணையில் கொஞ்ச நேரம். இது என்னுடைய ஊகம்தான், ஆனால் 2019 பொதுத்தேர்தலில் அந்த ஊர்களில் பல கன்சர்வேட்டிவுக்குப் போனது அதற்குச் சாட்சி சொல்கிறது.

2015இல் கேமரன் யாரும் எதிர்பாராமல் தனிப் பெரும்பான்மை பெற்றார். கூட்டணிக் கட்சி தடுத்தது என்று சாக்குச் சொல்ல வழியில்லை, வாக்கெடுப்பை நடத்தியே ஆக வேண்டும். 2016 ஜூன் 23, 51.9 சதவீதம் வெளியேறு என்றது. அதில் ஒரு விசித்திரம்: பிரிட்டனில் குடியிருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போலந்துக்காரருக்கும் ஓட்டு இல்லை. காமன்வெல்த் நாட்டவர் என்பதால் அங்கே வாழும் இலங்கைத் தமிழருக்கும் இந்தியத் தமிழருக்கும், குடியுரிமை வாங்காவிட்டாலும், ஓட்டு இருந்தது.

வேலை முடிந்ததும் யூகிப் கரைந்தது. 2017 பொதுத்தேர்தலில் அதன் பங்கு இரண்டு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் ஃபராஜ் 2019இல் பிரெக்சிட், அதாவது பிரிட்டன் வெளியேற்றம், கட்சி என்று புதுப் பலகை மாட்டினார். அந்த மே மாத ஐரோப்பியத் தேர்தலில் முதலிடம். ஆளும் கன்சர்வேட்டிவுக்கு 8.8 சதவீதம். பிரதமர் தெரசா மே ராஜினாமாவை அறிவித்தது முடிவு வருவதற்கு இரண்டு நாள் முன்பு.

டிசம்பர் பொதுத்தேர்தல் வந்தபோது ஃபராஜ் ஒரு காரியம் செய்தார். கன்சர்வேட்டிவ் கையில் இருந்த 317 தொகுதிகளில் ஆள் நிறுத்தவில்லை, லேபர் தொகுதிகளில் நிறுத்தினார். இது கன்சர்வேட்டிவ் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கு உதவியதா? லேபர் கையில் இருந்த ஹார்டில்பூல் தொகுதியைப் பாருங்கள். லேபருக்கு 37.7 சதவீதம், கன்சர்வேட்டிவுக்கு 28.9, பிரெக்சிட் கட்சிக்கு 25.8. தொகுதி லேபரிடமே தங்கியது. 2021 இடைத்தேர்தலில் அந்த மூன்றாவது ஆள் கிட்டத்தட்டக் காணாமல் போனார், கன்சர்வேட்டிவ் கிட்டத்தட்ட ஏழாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தூக்கிக்கொண்டு போனது. வின்செஸ்டர் கணக்கு பொய்த்தது, ஹார்டில்பூல் கணக்கு பலித்தது. ஆகவே சூத்திரம் எதுவும் என்னிடம் கேட்காதீர்கள்.

பிரெக்சிட் கட்சிதான் இப்போது ரிஃபார்ம் யுகே. ஐரோப்பா முடிந்த பிரச்சினை என்பதால் குடியேற்றம் முன்னால் வந்துவிட்டது. 2024 ஜூலையில் 14.3 சதவீத ஓட்டு, 5 இடம். எட்டாவது முயற்சியில் ஃபராஜும் உள்ளே போனார், அதே கிளாக்டனிலிருந்து. சவுத் வெஸ்ட் நார்ஃபோக்கில் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 630 ஓட்டில் லேபரிடம் தோற்றார், ரிஃபார்ம் அங்கே ஒன்பதாயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தது. அந்தத் தேர்தலில் லேபரின் ஓட்டுப் பங்கு ஏறியது இரண்டு சதவீதம்கூட இல்லை, இடங்களோ இரண்டு மடங்கு. எதிர்முகாம் இரண்டாக உடைந்ததன் பலன் அதில் பெரும் பகுதி. அந்த இரவும் முதல் முடிவு சண்டர்லாந்திலிருந்துதான் வந்தது. அதே தொகுதி, லேபர் வெற்றி, ஃபராஜின் கட்சி மறுபடி இரண்டாவது.

இரண்டாவதாகவே இருக்கும் வரை இந்தத் தேர்தல் முறை சின்னக் கட்சியை நசுக்கும். ஒரு கோட்டைத் தாண்டிவிட்டால் அதே முறை அள்ளிக் கொடுக்கும். 2025 மே 1 அன்று ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி இடைத்தேர்தல். பத்தே மாதத்துக்கு முன் லேபர் பதினான்காயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதி. அதே நாளில் கிரேட்டர் லிங்கன்ஷயரில் மேயர் தேர்தலும் நடந்தது, ரிஃபார்ம் வேட்பாளர் ஆண்ட்ரியா ஜென்கின்ஸ் ஜெயித்தார். பத்து வருடத்துக்கு முன் எட் பால்ஸை 422 ஓட்டில் வீழ்த்திய கன்சர்வேட்டிவ் வேட்பாளர் அவர்தான். ரன்கார்னில் ஓட்டை மறுபடி எண்ணச் சொன்னார்கள். எண்ணி முடித்தபோது ரிஃபார்ம் 6 ஓட்டு முன்னால் இருந்தது.

வணக்கம்.