நஷ்டஈட்டு செக்கு யார் பேருக்கு வருது நடுவரே?

நடுவர் ஐயாவுக்கும் தர்மபுரி மக்களுக்கும் வணக்கம்ங்க. 'பெரிய திட்டங்களால கிராமத்துப் பொம்பளைக்கு லாபமா நஷ்டமா'ங்கறது தலைப்பு, நான் நஷ்டம்னு பேச வந்திருக்கேன். எதிரணித் தம்பி ஓசூரப் பாரு போச்சம்பள்ளியப் பாரு, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி, ஸ்கூட்டர் கம்பெனி எல்லாத்துலயும் லைன் முழுக்க பொண்ணுங்கன்னு அடிச்சுப் பேசிட்டு கைதட்டு வாங்கிட்டுப் போனாரு, உண்மைதான், மறுக்கல, சம்பளம் அந்தப் பொண்ணு அக்கவுண்டுக்கே வருது. ஆனா கம்பெனி பஸ் ஏத்திக்கிறது இருபது வயசுப் பொண்ணத்தானே தம்பி, அவ அம்மாவுக்கு வயசு நாப்பத்தஞ்சு, அவள எந்த கேட்ல உள்ள விடுறாங்க?

அந்தம்மா பொழப்பு என்ன? ரெண்டு மாடு, சொசைட்டிக்குப் பாலு, வரப்புல அறுக்கிற புல்லு, ராகிக்கு களை, மாசி பங்குனில புளி தட்டி கொட்டை எடுக்கற கூலி. இதுல ஒண்ணாச்சும் பட்டாவுல ஏறுமா? திட்டத்துக்கு நிலம் எடுக்க அளக்க வர்றவங்க மரத்த எண்ணுவாங்க, கெணத்துக்கு ரேட் போடுவாங்க, செக்கு பட்டாதாரர் பேருக்குப் போகும், அவரு யாரு, வீட்டுக்காரரு இல்லன்னா மாமனாரு. அந்தக் காசு எங்க போச்சுன்னு சொன்னா முன்வரிசை அண்ணனுங்க கோவிச்சுக்குவாங்க, விடுங்க.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க, இருக்கே! மகளுக்கும் பூர்வீக சொத்துல சம பங்குன்னு தமிழ்நாடு 1989-லயே திருத்தம் போட்டாச்சு, அதே வருஷம் நம்ம தர்மபுரியிலதான் மகளிர் குழுவே ஆரம்பிச்சாங்க. 2013 நிலம் எடுப்புச் சட்டத்துல விதவையும் புருஷன் விட்டுட்டுப் போனவளும் தனிக் குடும்பம், மூணு வருஷமா அங்க கூலி செஞ்சு பொழச்சவங்களும் பாதிக்கப்பட்டவங்கன்னு எழுதியிருக்கு. ஆனா நேஷனல் ஹைவேக்கு எடுத்தா சமூக தாக்க ஆய்வு தேவையில்லன்னு அதே சட்டத்துல விலக்கும் இருக்கு. ஆய்வே இல்லன்னா புல்லறுக்கிறவ யாரு கூலிக்காரி யாருன்னு கேட்டு ஊருக்குள்ள எவன் வருவான்?

2018-ல சென்னை-சேலம் எட்டு வழிச்சாலைக்கு கல்லு நட வந்தப்போ பொம்பளைங்க காட்டுல விழுந்து அழுதாங்களே, தம்பி அத உணர்ச்சிவசப்பட்டுட்டாங்கன்னு ஒரே வார்த்தைல தள்ளிட்டாரு. இல்ல தம்பி, அவங்க கணக்குப் போட்டுத்தான் மறிச்சாங்க, செக்கு வர்ற லிஸ்ட்ல தன் பேரு இல்லன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

அடுத்து வர்ற எதிரணி அண்ணன் ஒண்ணே ஒண்ணுக்கு பதில் சொல்லட்டும். நஷ்டஈட்ட புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேருலயும் போடுறதுக்கும், மேய்ச்சல் நிலம் பறிபோன மாட்டுக்காரிக்கு ஒரு ரேட் வைக்கறதுக்கும் உங்க அணி ஒத்துக்குதா? ஒத்துக்கிட்டா நான் லாபம்னு எழுதிக் குடுத்துட்டு இப்பவே உக்காந்துக்கறேன். பெல் அடிச்சிட்டாங்க, நன்றி வணக்கம்ங்க.