கோல்ஃப் பங்கர்: அழகு மேல தெரியும், வேலை அடியில இருக்கு

[காட்சி: குதிரைமொழித் தேரி. செம்மணல் மேட்டுல காத்து குடைஞ்ச பள்ளம்.]

இது திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி. மேட்டோட ஒரு பக்கத்தைக் காத்து எப்படிக் குடைஞ்சு வச்சிருக்குன்னு பாருங்க. ஸ்காட்லாந்துக் கடற்கரை மணல்மேட்டுல இதே மாதிரி காத்து அரிச்ச பள்ளங்கள்தான், பிற்பாடு கோல்ஃப் பங்கர் ஆச்சு, அதாவது ஆட்டத்துல தடையா வைக்கிற மணல் குழி. அங்க செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ப் பழைய கோல்ஃப் மைதானத்துல 112 பங்கர் சொல்லுதாங்க. நாம வெட்டுற பங்கரும் காத்து வெட்டுன மாதிரி தெரியணும். சட்டி கவுத்து வரைஞ்ச மாதிரி வட்டமா இருந்தா, எவ்வளவு வெள்ளை மணல் போட்டாலும் ஒட்டாது.

[காட்சி: மொதப் பந்தை அடிக்கிற இடமான டீ-யில இருந்து தூரத்துப் பங்கர்.]

மொதல்ல, தெரியணும். தரைமட்டத்துல குழி மட்டும் வெட்டினா 200 கஜத்துல இருந்து ஒண்ணுமே தெரியாது. அதனால ஆட்டக்காரரைப் பாத்த மாதிரி, பள்ளத்தோட அந்தப் பக்கச் சுவரை மேல ஏத்தி அதுல மணல் பூசுவாங்க. ஆனா சாய்வு 25 டிகிரி வாக்குல நிக்கணும். அதுக்கு மேல போனா ஒவ்வொரு மழைக்கும் மணல் வழிஞ்சு கீழ வரும், அடிமண் பல்லைக் காட்டும். இன்னும் செங்குத்தா வேணும்னா மணலை விட்டுட்டுப் புல்லுச் சுவரா விடுங்க.

விளிம்புல ரெண்டு மூணு பெரிய வளைவு போதும். நெளிநெளியா பத்து வளைவு வைக்காங்க. படத்துல நல்லாத்தான் இருக்கும். தூரத்துல அதெல்லாம் கலங்கிப் போயிடும், புல்வெட்டுற மெஷினும் உள்ள நுழையாது. புல் விளிம்பு மணலுக்கு மேல 3, 4 அங்குலம் செங்குத்தா நிக்கணும். சாயங்கால வெயில்ல மணல் மேல விழுற அந்த நிழல் கோடுதான் பங்கருக்கு உருவம் குடுக்குது. கிரீனுக்கும் (பந்து விழ வேண்டிய குழி இருக்கற புல்தரை) பங்கருக்கும் நடுவுல 10 அடியாவது விடுங்க, மெஷின் திரும்பணும்.

[காட்சி: மழைத்தண்ணி நிக்கிற பங்கர்.]

இனி தண்ணி. பாதிப் பங்கர் கெட்டுப்போறது இங்கதான். நம்ம பக்கம் மழை ஐப்பசி கார்த்திகையில மொத்தமா வரும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அந்த மாதிரி மழையை எந்தக் குழாயும் உடனே இழுக்காது; ஆனா வெளித்தண்ணியை உள்ள விடாம இருக்கறது நம்ம கையில இருக்கு. பங்கரைச் சுத்தி விளிம்பை மேடாக்கி, மேட்டுப் பக்கம் அகலமான புல் வாய்க்கால் எடுத்து, வர்ற தண்ணியைச் சுத்திக் கொண்டு போயிடணும். உள்ள விழுற மழைக்கு மட்டும்தான் குழாய்.

அடித்தளத்தைக் கெட்டிச்சு, 12 அங்குல ஆழத்துல மீன்முள் வடிவத்துல பள்ளம் எடுங்க. 4 அங்குல ஓட்டைக் குழாய், அதைச் சுத்திக் கழுவுன சின்ன ஜல்லி. 100 அடிக்கு 1 அடியாவது சரிவு. குழாயோட வெளிவாய் திறந்த இடத்துல இருக்கணும். மண்ணுக்குள்ளயே முடிச்சா அது வடிகால் இல்ல, தொட்டி.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்ல வேலைன்னா இன்னும் கவனம். கோடையில மண் வெடிச்சு, மழையில உப்பி, களி மேல ஏறி மணலைக் கருப்பாக்கிடும். அங்க மண்ணுக்கும் மணலுக்கும் நடுவுல தடுப்புத்துணி கட்டாயம்.

[காட்சி: மூணு தட்டுல தேரி மணல், கடல் மணல், எம்-சாண்ட்.]

தேரி மணலையே அள்ளிப் போட்டா என்னன்னு கேப்பாங்க. நிறம் அருமைதான். ஆனா காத்துல உருண்ட மணல், பொடி, உருண்டை. உச்சியில இருந்து விழுற பந்து அதுல பாதி புதைஞ்சிடும், ஆடி மாசக் காத்துக்குப் பறந்தும் போகும். கடல் மணல்ல உப்பு, ஓரத்துப் புல் கருகும். நமக்கு வேண்டியது முனை உள்ள மணல், பெரும்பாலும் 0.25ல இருந்து 1 மில்லிமீட்டருக்குள்ள. அதுக்குக் கிட்டத்துல வர்றது எம்-சாண்ட், ஆனா அப்படியே போடக்கூடாது. 2 மில்லிமீட்டருக்கு மேல இருக்கற கல்லைச் சலிச்சு எடுங்க, கிரஷர் தூசியைக் கழுவுங்க. தூசியும் களியும் 3 சதவீதத்தைத் தாண்டினா மேல ஓடு கட்டி, தண்ணி இறங்காது.

கண்ணாடி பாட்டில்ல பாதி மணல், மீதி தண்ணி ஊத்திக் குலுக்கி ஒரு மணி நேரம் வைங்க. தண்ணி தெளியாமக் கலங்கலாவே நின்னா அந்த லோடைத் திருப்பி அனுப்பலாம். லோடு ஏத்துறதுக்கு முன்னாடி கிரஷர்லயே பாத்துடுங்க.

தரையில 4ல இருந்து 6 அங்குலம், சரிவுல 2, 3 அங்குலம் மணல். 1000 சதுர அடித் தரைக்கு 5 அங்குலம்னா 417 கன அடி, நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல (ஒரு யூனிட்னா 100 கன அடி). மணல் அமுங்கும், அஞ்சாச் சொல்லுங்க. போட்டதும் நனைச்சு இறுக்கணும். புது மணல்ல உடனே ஆட விட்டா முதல் வாரமே புகார் வரும்.

[காட்சி: ஊழியர் கம்பியால ஆழம் பாக்காரு.]

செங்கோட்டைக் கணவாய்க் காத்து வைகாசியில இருந்து மேற்கால அடிக்கும். மேற்கு விளிம்பை உசத்தி, தரையைக் கொஞ்சம் ஆழமா வச்சா மணல் தங்கும். ஆட்டத்துல தெறிக்கிற மணல் புல் மேல சேந்து விளிம்பு மெல்ல உசந்துக்கிட்டே போகும், அதைச் சீவி விடணும். மணலை வாருற ரேக்கை எப்பவும் சரிவுல மேல்நோக்கி இழுங்க. கீழ இழுத்தா மணல் பூரா நடுவுல சேரும். வாரத்துக்கு ஒரு தடவை, கோடு போட்ட கம்பியைச் சரிவுலயும் தரையிலயும் குத்தி ஆழம் பாருங்க.