டெல்ஃபினியம்: அடியில் தேன், உச்சியில் மகரந்தம்

[திரையில்: உயரமான ஒரே தண்டு, அடியிலிருந்து நுனிவரை நீலப் பூக்கள்]

வணக்கம். ஜூன் மாதம் இங்கிலாந்துத் தோட்டங்களில் ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பூ இது, டெல்ஃபினியம். பலரும் இதை வளர்ப்பது நீலத்துக்காகத்தான். அதில் தப்பே இல்லை. இப்படியொரு தெளிந்த நீலம் பூக்களில் அபூர்வம். ஆனால் இந்தச் செடியின் கெட்டிக்காரத்தனம் அதன் அமைப்பில் இருக்கிறது.

[திரையில்: ஒற்றைப் பூ, மிக அருகில்]

நீலமாக விரிந்திருக்கும் ஐந்தும் அல்லி இதழ்கள் அல்ல, புல்லி இதழ்கள். மேலே உள்ள புல்லி, பின்பக்கம் வால்போல நீண்டு குழாயாகிறது. நடுவில் சின்னதாகக் கூடியிருக்கும் நான்குதான் அல்லி இதழ்கள். அவற்றில் மேல் இரண்டும் அந்தக் குழாய்க்குள் தங்கள் வாலை நுழைத்திருக்கின்றன. தேன் அங்கே, உள்ளுக்குள். நாக்கு நீளமான பம்பிள் தேனீக்கு அது எட்டும். குட்டை நாக்குப் பூச்சிக்கு எட்டாது.

[திரையில்: தண்டின் அடியில் வந்து உட்காரும் தேனீ]

இப்போது முழுத் தண்டையும் பாருங்கள். கீழ்ப்பூக்கள் முதலில் மலர்கின்றன. ஒவ்வொரு பூவும் முதலில் மகரந்தம் தரும், பிறகுதான் மகரந்தத்தை ஏற்கும். அதனால் கீழே பெண் பருவம், மேலே ஆண் பருவம். தேனும் கீழ்ப்பூக்களில்தான் கூடுதல். தேனீ அடியில் தொடங்கி மேலே ஏறுகிறது. வேறு செடியிலிருந்து சுமந்து வந்ததைக் கீழே விட்டு, உச்சியில் புது மகரந்தம் பூசிக்கொண்டு, அடுத்த செடியின் அடிக்குப் பறக்கிறது. ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் விழுவது இப்படிப் பெரிதும் குறைகிறது. எனக்கு இந்தச் செடியில் மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடுதான்.

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் பனி உருகியதும் பூக்கும் ஒரு குட்டை இனம் உண்டு. அதற்கு ஹம்மிங் பறவைகளும் வரும். அபூர்வமாக அதில் வெள்ளைப் பூ பூக்கும் செடிகள் தோன்றுகின்றன. நிக்கோலஸ் வேசர், மேரி பிரைஸ் இருவரும் 1981-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அவற்றுக்கு வருகை குறைவு, விதையும் குறைவு. தேன் இருக்கும் இடத்தைக் காட்டும் நிற வேறுபாடு வெள்ளையில் மங்கிவிடுகிறது.

[திரையில்: தோட்டத்துக் கலப்பினங்கள்]

தோட்ட வகைகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை வளரும் எலாட்டம் இனத்தின் வழிவந்தவை. இங்கிலாந்தில் ஜேம்ஸ் கெல்வே, பிரான்சில் விக்டர் லெமுவான், கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ரைனெல்ட் என்று பலர் உழைத்து வளர்த்த அழகு இது. ஆனால் முழு அடுக்குப் பூக்களில் தேன் சுமக்கும் இதழ்களே புல்லியாக மாறிவிடுவதுண்டு. தேனீக்கள் வேண்டுமென்றால், நடுவில் வாய் திறந்த ஒற்றை அடுக்கு வகையைத் தேர்ந்தெடுங்கள்.

செடி முழுக்க நஞ்சு. அமெரிக்க மேற்கு மேய்ச்சல் நிலங்களில் இதன் காட்டு இனங்களைத் தின்று மாடுகள் சாகின்றன. செம்மறி ஆடுகள் இந்த நஞ்சை அதிகம் தாங்கும் என்பதால், சில இடங்களில் மாடுகளுக்கு முன் அவற்றை மேயவிடுகிறார்கள். குழந்தைகள் கைபடும் இடத்தில் நடாதீர்கள்.

வளர்க்கக் குளிர்ந்த கோடை வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் முயலலாம். சமவெளி வெயிலுக்குத் தாங்காது. விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், சூட்டில் முளைப்புத்திறன் போய்விடும். தண்டு உயரும் முன்பே கம்பு ஊன்றிக் கட்டுங்கள். முதல் பூ முடிந்ததும், விதை பிடிக்க விடாமல் தண்டை வெட்டினால், கோடை முடிவில் இன்னொரு முறை பூக்கும்.