தலை மடங்கும் ஸ்பேனர்: முழு செட் வாங்கலாமா?

அடுத்த கேள்வி பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. படிக்கிறேன். "அண்ணா, கார் பட்டறையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. தலை மடங்குகிற ராட்செட் ஸ்பேனர் செட், 8 முதல் 19 மில்லிமீட்டர் வரை 12 ஸ்பேனர், வாங்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். என் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஆகும். அது மெக்கானிக்குக்கு உண்மையிலேயே தேவையா, இல்லை பெட்டியில் அழகுக்குக் கிடக்குமா?"

செட்டாக வேண்டாம் தம்பி. மூன்று வாங்குங்கள். அந்த மூன்றும் இன்றைக்கே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். பின்னால் கம்ப்ரசர் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பையன் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறான்.

இதோ, கையில் இருப்பதுதான் அது. ஒரு முனை சாதாரண ஓப்பன் ஸ்பேனர். மறுமுனையில் ரிங், அதற்குள் ராட்செட், அதாவது ஒரு பக்கம் திருப்பினால் நட்டைப் பிடித்துச் சுற்றுகிற, மறுபக்கம் கிளிக் கிளிக் என்று சும்மா நழுவுகிற பல் சக்கரம். ரிங்குக்கும் பிடிக்கும் நடுவில் ஓர் ஆணி, கதவுக் கீல் மாதிரி. பிடியை மேலே தூக்கலாம், கீழே இறக்கலாம், நட்டின்மேல் நேராக நிமிர்த்தியும் வைக்கலாம்.

ராட்செட் எதற்கு என்று முதலில் பார்ப்போம். ஓப்பன் ஸ்பேனரால் ஒரு நட்டைத் திருப்ப 60 டிகிரி இடம் வேண்டும். அதன் வாய் 15 டிகிரி சாய்வாக இருப்பதால் புரட்டிப் புரட்டிப் போட்டால் 30 டிகிரியில் சமாளிக்கலாம். 12 மூலை ரிங்குக்கும் 30 டிகிரி. 72 பல் உள்ள ராட்செட்டுக்கு 5 டிகிரி போதும். 15 சென்டிமீட்டர் பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி என்றால் பிடியின் நுனி கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர் நகர வேண்டும். 5 டிகிரிக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் நகர்ந்தால் ஆயிற்று. இன்றைய கார் இன்ஜினுக்குப் பின்னால், இன்ஜினையும் ஆள் உட்காருகிற இடத்தையும் பிரிக்கிற ஃபயர்வால் தகட்டுப் பக்கம், கிடைக்கிற இடமே அந்த ஒன்றேகால்தான்.

சரி, ராட்செட் புரிகிறது. தலை ஏன் மடங்க வேண்டும்? உங்கள் பழைய ரிங் ஸ்பேனரை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கழுத்து வளைந்து பிடி உயர்ந்திருக்கும். நட்டுக்குப் பக்கத்தில் ஒரு பைப்போ பிராக்கெட்டோ இருந்தால் அதன் தலைக்கு மேலே பிடி போய்விடும். ராட்செட் ஸ்பேனரில் பெரும்பாலும் அந்த வளைவு கிடையாது, தட்டையாக இருக்கும். ஆகவே பிடி பக்கத்தில் இருப்பதில் எல்லாம் இடிக்கும். கீல் அந்தக் குறையைத் தீர்க்கத்தான். பலர் இதை ஏதோ புது சக்தி என்று நினைக்கிறார்கள். பழைய ஸ்பேனரில் இருந்த வளைவை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கீல் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கீலுக்கு ஒரு விலை இருக்கிறது. நான் சொல்வது கடையில் கொடுக்கும் விலை அல்ல. பிடியை 60 டிகிரி மேலே தூக்கிவிட்டுத் திருப்பினால் உங்கள் கைக்குக் கிடைக்கிற நீளம் பாதிதான். 15 சென்டிமீட்டர் ஸ்பேனர் ஏழரை ஆகிவிடுகிறது. நீங்கள் கொடுக்கிற மீதி வலு எங்கே போகிறது? ரிங்கை நட்டிலிருந்து கவிழ்க்கப் போகிறது. அதனால்தான் துரு பிடித்த நட்டில் இதைப் போட்டு இழுத்தால் நட்டின் மூலை மழுங்கும், விரல் முட்டியும் கிழியும். முதல் அசைவுக்கு எப்போதும் சாதாரண ரிங்கோ, சாக்கெட்டோதான். நட்டு இளகிய பிறகு இதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச், முறுக்கை அளந்து இறுக்குகிற ஸ்பேனர். நடுவில் இருக்கிற இருபது முப்பது சுற்றுதான் இந்த ஸ்பேனரின் ராஜ்யம். அங்கே இதற்கு ஈடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பிடியை நேராக நிமிர்த்தி ஸ்க்ரூடிரைவர் மாதிரி விரலால் உருட்டிக்கொண்டே போகலாம்.

சக்கர நட்டுக்கு இதைப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். 80, 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு கேட்கிற இடத்தில் இந்தச் சின்னப் பல்லும் ஆணியும் என்ன செய்யும்?

இன்னொரு ஆபத்தை யாரும் சொல்வதில்லை. நான் அனுபவித்ததால் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் இருந்தது ஒரு பக்கமாக மட்டும் சுற்றுகிற ராட்செட் ஸ்பேனர். தலை மடங்காது, திருப்புகிற லீவரும் இல்லை. இறுக்க வேண்டுமென்றால் ஸ்பேனரையே புரட்டிப் போட வேண்டும். ஒரு பழைய டீசல் காரில் ஆல்டர்னேட்டர் கழற்றுகிறேன். கீழே நீளமான போல்ட், அதன் தலைக்கு எதிரே சேசிஸ். சேலத்துக்கு இரவே கிளம்ப வேண்டும் என்று வண்டிக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நானும் கிளிக் கிளிக் என்று சந்தோஷமாகக் கழற்றிக்கொண்டே போகிறேன். போல்ட் வெளியே வர வர ஸ்பேனரும் கூடவே வருகிறது. திடீரென்று நின்றுவிட்டது. பார்த்தால் ரிங்கின் முதுகு சேசிஸில் ஒட்டியிருக்கிறது. ரிங்கை உருவ இடமில்லை. போல்ட்டை உள்ளே திருப்பி அனுப்பினால் உருவலாம், ஆனால் அந்தப் பக்கம் ராட்செட் சும்மா சுற்றும். வேறு ஸ்பேனர் போடவும் முடியாது, போல்ட் தலை முழுக்க இந்த ரிங்குக்குள் இருக்கிறது.

கடைசியில் இன்ஜின் மவுண்டிங்கைத் தளர்த்தி, ஜாக்கி வைத்து இன்ஜினை ஓரங்குலம் தூக்கித்தான் அந்த ஸ்பேனரை மீட்டேன். இரண்டு மணி நேரம். வண்டிக்காரர் சேலம் போகவில்லை. சிவாஜிநகரில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் ஒரு வார்த்தை திட்டவில்லை, "பானா வெளியே வந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஸ்பேனருக்குப் பானா என்றுதான் பெயர். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு எல்லோரும் ஒரு மாதம் சிரித்தார்கள்.

ஆகவே எந்த ராட்செட் வாங்கினாலும் திசை மாற்றுகிற லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். லீவர் இருந்தால் தலை கொஞ்சம் தடிக்கும், பரவாயில்லை. நீள போல்ட் என்றால் கழற்றும்போது இடையிடையே எதிரே எவ்வளவு இடம் மிச்சம் என்று விரல் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏன் மூன்று மட்டும் என்பதற்கு வருகிறேன். 8 முதல் 19 வரை 12 ஸ்பேனர் கொடுக்கிறார்களே, அதில் 9, 11, 15 எத்தனை முறை உங்கள் கையில் வந்திருக்கிறது? அதிகம் வந்திருக்காது. ஜப்பான் அளவில் எம்8, அதாவது தண்டு 8 மில்லிமீட்டர் கனமுள்ள போல்ட்டுக்குத் தலை 12 மில்லிமீட்டர், எம்10-க்கு 14. ஐரோப்பிய அளவில் அதே எம்8-க்கு 13, எம்10-க்கு 16 அல்லது 17. எம்6-க்கு இரண்டிலும் 10 வரும். உங்கள் கடைக்கு மாருதி, ஹூண்டாய்தான் அதிகம் வருகிறது என்றால் 10, 12, 14. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா என்றால் 10, 13, 16. பெங்களூரில் எல்லாமே வரும்தான், ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த போல்ட்டில் கை போகவில்லை, எந்த அளவு, எந்த வண்டி என்று மூன்று மாதம் எழுதுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட், எக்ஸாஸ்ட் பக்கத்து நட்டுகள் என்று நாலைந்து பெயர் திரும்பத் திரும்ப வரும். அந்த அளவை வாங்குங்கள்.

தலை தடிமன் என்றேனே, அதையும் மறக்க வேண்டாம். ராட்செட்டை உள்ளே அடைத்திருப்பதால் சாதாரண ரிங்கைவிட இது அகலம், கனமும் அதிகம். ஒல்லி ரிங் நுழைகிற சில இடங்களில் இது நுழையவே நுழையாது. உஸ்தாத் அதற்கு என்ன செய்தார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை சிக்பேட்டை சந்தையில் பழைய ரிங் ஸ்பேனர் வாங்கி, கேஸ் கட்டரில் சுட்டு, வேண்டிய கோணத்தில் வளைத்து வைத்துக்கொண்டார். சுட்டால் இரும்பின் உறுதி கொஞ்சம் போகும். அவருக்கு அது தெரியும். அந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும்தான் அதை எடுப்பார். அந்த வளைந்த ஸ்பேனர் இன்னமும் என் பெட்டியில் இருக்கிறது. தலை மடங்கும் ஸ்பேனர் வாங்கிய பிறகும் இரண்டு வேலைக்கு அதைத்தான் எடுக்கிறேன்.

இன்றைக்கே ஏன் வேண்டாம் என்றேன்? உங்கள் பெட்டியில் பிரேக் பைப்புக்கு உரிய ஃப்ளேர் நட் ஸ்பேனர் இருக்கிறதா தம்பி? ஓப்பன் ஸ்பேனரால் பிரேக் பைப் நட்டைக் கழற்றி, மூலை மழுங்கி, பைப்பையே மாற்றிய கதை எல்லாப் பட்டறையிலும் உண்டு. அது முதலில். அடுத்தது சொந்தமாக ஒரு டார்க் ரெஞ்ச். இவை இரண்டும் இல்லாமல் தலை மடங்கும் ஸ்பேனர் வாங்குவது, வீட்டில் தோசைக்கல் இல்லாமல் ஆப்பச் சட்டி வாங்குவது மாதிரி. ஆப்பம் நன்றாகத்தான் இருக்கும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ராட்செட்டுக்குள் கெட்டி கிரீஸ் அப்ப வேண்டாம், தூசி பிடித்துப் பல் மாட்டாது. இரண்டு சொட்டு எண்ணெய் போதும். கீல் ஆணி நாளடைவில் தளரும், பார்த்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும் நாளில் ஜே.சி. ரோட்டுக்குப் போங்கள், பையில் ஒரு எம்8 போல்ட் போட்டுக்கொண்டு. தலையைப் பாதி மடக்கி, பிடியை மட்டும் பிடித்து நீட்டிப் பாருங்கள். தலை தானாகத் தொங்கினால் எட்டாத இடத்தில் அது உங்களைப் பாடாய்ப் படுத்தும், நட்டைத் தேடுவதிலேயே நேரம் போகும். சற்று முறுக்காக, வைத்த இடத்தில் நிற்க வேண்டும். பிறகு போல்ட்டை ரிங்கில் போட்டு மெதுவாகத் திருப்பி, ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை கிளிக் என்று எண்ணுங்கள், எத்தனை பல் என்று தெரிந்துவிடும். பாக்கெட்டைப் பிரித்துக் காட்ட மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போங்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்.