ஓதம் ஏறிய சுவர்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு வேலைகளை நாமே செய்துகொள்வது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எத்தனையோ வேலைகள் இருந்தாலும், உழைப்பும் பணமும் அதிகம் வீணாகிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சுவரில் ஓதம் ஏறுவது.

எங்கள் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரண்டு கோட் அடித்தேன். மூன்று மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் கொப்பளம். விலை கூடிய பெயின்ட் வாங்கி அடித்தேன், அதுவும் நிற்கவில்லை. அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. உள்ளே புதைத்த குழாயின் இணைப்பில் கசிவு இருந்தது. அதைச் சரிசெய்யாமல் எதை அடித்தும் பயனில்லை.

அதனால் முதல் வேலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. ஈரம் தரையை ஒட்டி, ஒரு மீட்டர் உயரத்துக்குள் பட்டை போல ஓடினால், மண்ணிலிருந்து ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம். மழைக்குப் பிறகு மட்டும் சுவர் கருத்துப்போனால் வெளிச்சுவர் விரிசலையோ கூரையையோ பாருங்கள். மழை, வெயில் எதுவானாலும் நடுச்சுவரில் ஒரே இடம் நனைந்திருந்தால் பெரும்பாலும் குழாய்தான். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்து வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. கழிவுநீர்க் குழாயின் கசிவு இதில் தெரியாது.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளில் ஒரு துண்டை வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஈரச் சுவரில் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால், அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பெருமளவு தீரும். சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது.

காரணம் தெரிந்து சரிசெய்த பிறகுதான் பொறுமை வேண்டும். செங்கல் சுவர் காய, கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவரானால் யோசித்துப் பாருங்கள். இந்த இடைவெளியில் நீர் புகாத பூச்சை உள்ளே அடித்து மூடாதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் பக்கத்திலோ மேலேயோ வழி தேடிக்கொள்ளும்.

வெள்ளையாகப் பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். பூச்சு முழுக்க உப்பேறியிருந்தால், அது காற்றின் ஈரத்தையும் இழுக்கும். கொத்திவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் வழி. புதிய சிமென்ட் பூச்சை 28 நாள் விட்டுத்தான் பெயின்டுக்குப் போக வேண்டும்.

ஈரம் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நீங்கள் தொடவே வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அணைக்கும் சுவிட்சே நனைந்திருந்தால் அதன் பக்கமும் போகாதீர்கள்.

சரி, சுவர் காய்ந்துவிட்டது என்று தோன்றுகிறதா? அலுமினியத் தாளை மறுபடி ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். பின்பக்கம் காய்ந்திருந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம். வணக்கம்.