பார்த்துவிட்டால் தாமதம்

நண்பர்களே, முதலில் ஒரு கணக்கு. கண்ணில் பட்டதற்கு விரல் அசைய ஏறத்தாழ கால் விநாடி ஆகிறது. கேமராவில் ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரை 1/250 விநாடியில் வைத்திருந்தால், அது திறந்து மூடும் நேரத்தைப்போல் ஏறத்தாழ அறுபது மடங்கு இந்தக் கால் விநாடி. குழந்தை சிரித்ததைப் பார்த்துவிட்டு அமுக்கினால், கிடைப்பது சிரித்து முடித்த முகம்தான்.

லென்ஸ் காணும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடியால் திருப்பிக் கண்ணுக்குக் காட்டும் எஸ்.எல்.ஆர். கேமராவில் இன்னொரு விசித்திரம். படம் பதிவாகும்போது அந்தக் கண்ணாடி மேலெழும், நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருண்டுவிடும். எந்தக் கணத்தை அதில் முழுதாகக் கண்டீர்களோ, அது படத்தில் இருக்காது!

அப்படியானால் பத்திரிகைப் புகைப்படக்காரர் எதைப் பார்த்து அமுக்குகிறார்? வரப்போவதை. ஓடப்போகும் குழந்தையின் குதிகால் முதலில் எழும். அழப்போகிறவரின் உதடு இறுகும். கட்டியணைக்கப் போகிறவரின் தோள் முன்னே சாயும். உள்ளுணர்வு என்று நாம் சொல்வது, மனிதர்களை ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்ததன் சேமிப்பு.

1932-இல் பாரிஸின் சான் லாசார் ரயில் நிலையத்தின் பின்புறம், வேலியில் இருந்த ஓர் இடுக்கில் லென்ஸை நுழைத்து ஒரு படம் எடுத்தார் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெசோன். ஒருவர் தேங்கிய நீரைத் தாண்டுகிறார். குதிகால் இன்னும் நீரைத் தொடவில்லை. பின்னால் சுவரொட்டியில் ஒரு நடனக்காரரும் அதேபோல் தாவுகிறார். அதிர்ஷ்டம் என்பார்கள். இருக்கட்டும். இடுக்கைக் கண்டதும் நின்ற கால்களுக்கல்லவா அந்த அதிர்ஷ்டம் வாய்த்தது!

கருவியையும் முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். 35 மி.மீ. லென்ஸில் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப்/8 அளவில் வைத்து 3 மீட்டரில் ஃபோகஸ் செய்துவிட்டால், சுமார் 2 முதல் 7 மீட்டர் வரை தெளிவாக விழும். பிறகு கேமராவை மறந்துவிட்டு மனிதர்களைப் பார்க்கலாம்.

இதை நான் கற்றது ஒரு தோல்வியில். மருத்துவமனை வராந்தாவில் ஒரு முதியவர், மனைவியின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஊதி, தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அப்பர்ச்சரைத் திருகிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது கண்ணாடி அந்த அம்மாவின் முகத்துக்குத் திரும்பியிருந்தது.

"ஐயா, இன்னொரு முறை துடையுங்கள்" என்று கேட்டிருக்கலாம். செய்திப் படத்தில் அது பொய். கேட்கவில்லை. அந்தப் படம் என்னிடம் இல்லை. துடைத்த கண்ணாடி வழியே அந்த அம்மா முதலில் அவரைத்தான் பார்த்தார்.